அண்டர்டேக்கருக்கு ஏழு உயிரா? ரெஸ்லிங் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து ரெஸ்லிங் பைத்தியங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவோம். பேச்சு என்று சொன்னாலும் பெரும்பாலும் சண்டைதான். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும், வீட்டுப் பெரியவர்கள் முறைத்துக்கொண்டே கேட்பதற்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று இது. பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் பாதிப் பேர் இதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாம் நாடகம்தானே? அப்புறம் யார் பெரிய ஆள் என்று எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்?

ஆமாம், யார் ஜெயிப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இது ரகசியமும் இல்லை. 1989-லேயே அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், இந்த நிகழ்ச்சியை நடத்துகிற டபிள்யூடபிள்யூஇ (அப்போது டபிள்யூடபிள்யூஎப்) நிறுவனமே போய், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் தலையில் விழக்கூடாதே, அதற்காக.

ஆனால் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்திக்குப் பாகவத மேளா நடக்கிறதே, இரணியன் சாகப்போகிறான் என்பது தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம்? முடிவு எல்லாருக்கும் தெரியும். நரசிம்ம முகமூடி போட்டவர் விரதம் இருந்து வந்து, ஆவேசத்தில் பாயும்போது அவரைச் சுற்றி ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அந்த நேரத்தில் யாருக்காவது இது நாடகம் என்ற நினைப்பு வருமா? மறுநாள் டீக்கடையில் பேசுவது இரணியன் செத்ததைப் பற்றி அல்ல, இந்த வருடம் இரணியன் வேஷம் கட்டியவர் எப்படிச் செய்தார் என்பதைப் பற்றி. நாங்கள் அடித்துக்கொள்வதும் அதே விஷயத்துக்குத்தான்.

இன்னொன்று, முடிவைத்தான் எழுதி வைக்கிறார்கள், வலியை அல்ல. ரிங்கின் தரை மெத்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் பலர். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், மேலே இழுத்துக் கட்டிய கான்வாஸ், அவ்வளவுதான். அதில் வருடத்துக்கு இருநூறு ராத்திரிக்கு மேல் முதுகு அடிபட விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வயதில் கழுத்து எலும்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் போய் இது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது உண்மையா?

இந்தக் கேள்வி இல்லாமல் தமிழ்நாட்டில் ஒருவனும் ஐந்தாம் வகுப்பு தாண்டவில்லை. மார்க் காலவே என்ற டெக்சாஸ்காரர், 1990 நவம்பரில் அந்த வேஷத்தில் முதன்முதலாக வந்தார், ஒரே உயிர்தான். ஆனால் கதை சும்மா கிளம்பவில்லை. அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடுவார்கள், உயிரோடு புதைப்பார்கள், சில மாதம் கழித்து மணி அடித்து மறுபடி நடந்து வருவார். 1994 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பொய் அண்டர்டேக்கர் ஒருவரையும் நிஜ அண்டர்டேக்கரையும் நேருக்கு நேர் மோதவே விட்டார்கள். கேபிளில் பாதி பார்த்து, பாதியைக் கரண்ட் போனதால் பார்க்காத பையன் அதை ஏழாகப் பெருக்கியதில் ஆச்சரியம் என்ன?

கதையில் தம்பியாக வந்த கேன் என்பவர் நிஜத்தில் அவருடைய தம்பியும் இல்லை. கிளென் ஜேக்கப்ஸ் என்பது அவர் பெயர், 2018-ல் டென்னசியில் நாக்ஸ் கவுண்டியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

டபிள்யூடபிள்யூஎப், டபிள்யூடபிள்யூஇ, இரண்டும் வேறு வேறா?

ஒன்றுதான். பாண்டாப் படம் போட்ட வன உயிர் அமைப்புக்கும் அதே மூன்று எழுத்து. வழக்கில் இவர்கள் தோற்று, 2002-ல் பெயரை மாற்றினார்கள்.

சின்ன வயதில் கார்டில் இருந்த ரேங்க்கை வைத்து முடிவு செய்யக் கூடாதா?

அந்தக் கார்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டிக்கடையில் கட்டாக விற்பார்கள். மேலே படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை ஃபைட், எத்தனை வெற்றி. சீட்டைப் பிரித்துக்கொண்டு ஒருவன் "எடை" என்பான், யாரிடம் பெரிய எண்ணோ அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வான். யோக்கோசுனா வந்தால் எடை சொல்ல வேண்டும், ஜயண்ட் கொன்சாலஸ் வந்தால் உயரம், இதெல்லாம் வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். நல்ல கார்டின் முனைகள் மட்டும் மடங்கி வெளுத்திருக்கும், அதை வைத்தே எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கில்லாடிகளும் உண்டு.

அந்த எண்களை நம்பி இன்றைக்கும் வாதம் செய்யாதீர்கள். கொன்சாலஸ் எட்டடி என்று அறிவித்தார்கள், நிஜத்தில் அவ்வளவு இல்லை. அவர் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து வீரர், அட்லாண்டா ஹாக்ஸ் அணி தேர்ந்தெடுத்த ஆள். யோக்கோசுனா ஜப்பான்காரரே இல்லை, சமோவா வம்சம், இன்றைய ரோமன் ரெயின்ஸுக்குச் சொந்தக்காரர்.

சரி, அப்படியானால் யார்தான் பெரிய ஆள்? ஜான் சீனாவா, ராக்கா, ஆஸ்டினா?

பட்டத்தை எண்ணிச் சொல்வதாக இருந்தால் ஜான் சீனாதான், 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் கோடி ரோட்ஸைத் தோற்கடித்து 17-வது முறை, பேச்சு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பட்டம் என்பது எழுதுகிறவர் கொடுப்பது. பாம்போடு வருவாரே ஜேக் ராபர்ட்ஸ், அந்த நிறுவனத்தில் அவர் ஒரு பட்டம்கூட வாங்கியதில்லை. ராடி பைப்பர் உலகப் பட்டத்தைத் தொட்டதே இல்லை. அவர்கள் மைக்கைப் பிடித்தால் அரங்கமே அவர்கள் பக்கம் திரும்பும்.

என் அளவுகோல் வேறு. எதிரில் நிற்கிறவனை எவ்வளவு பெரிய ஆளாகக் காட்டிவிட்டுப் போகிறார் என்று பார்ப்பேன். 1997 மார்ச்சில் ரெஸில்மேனியா 13, அதாவது நிறுவனத்தின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சி, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் வில்லன். கடைசியில் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பிடியில் ஆஸ்டினின் முகம் முழுக்க ரத்தம் வழிகிறது, கத்துகிறார், ஆனால் தோல்வியை ஒத்துக்கொண்டு கையைத் தட்டவில்லை, அப்படியே மயங்கிப் போகிறார். பிரெட் ஜெயித்தார். ஆனால் மணி அடித்த பிறகு கூட்டம் யார் பெயரைச் சொல்லிக் கத்தியது என்று கேளுங்கள். ஒரே ஆட்டத்தில் நல்லவனும் வில்லனும் இடம் மாறிவிட்டார்கள், ஆஸ்டினின் பொற்காலம் அங்கிருந்துதான் தொடங்கியது. அதனால் என் ஓட்டு பிரெட்டுக்கு. மன்னார்குடிக்காரர்கள் ஷான் மைக்கேல்ஸ் கட்சி, அவர்களோடு இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 டிசம்பர் 13-ல் வாஷிங்டனில் கடைசி ஆட்டம், குந்தரிடம் கையைத் தட்டித் தோற்று விடைபெற்றார். "விட்டுக்கொடுக்காதே" என்பதையே சட்டையில் அச்சடித்து விற்றவர் அப்படிப் போகலாமா என்று எங்கள் கூட்டத்தில் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், போகிற ஆள் இருக்கிற ஆளுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் முறை, அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

நம் ஊர்க்காரர் கிரேட் காளியை ஏன் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை?

ரிங்கில் அவர் நன்றாக ஆடவில்லை என்பதால். இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள். 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார், செப்டம்பரில் பட்டிஸ்டாவிடம் இழந்தார். ஆட்டமாகப் பார்த்தால் ரசிப்பதற்கு அதிகம் கிடையாது, முழங்கால் ஒத்துழைக்காத மனிதர்.

ஆனால் ஆளின் கதை வேறு. தலிப் சிங் ராணா, இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலைக் கிராமம், கூலி வேலை, பிறகு சிம்லாவில் காவலாளி, அங்கிருந்து பஞ்சாப் போலீஸ். அக்ரோமெகாலி என்ற வளர்ச்சிக் கோளாறு, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, 2012-ல் அறுவை சிகிச்சை. அவருடைய வாழ்க்கைக் கதை "தி மேன் ஹூ பிகேம் காளி" என்று புத்தகமாக வந்திருக்கிறது. எழுத்து சுமார்தான், ரிங்குக்கு வருவதற்கு முந்தைய பகுதிக்காக மட்டும் படிக்கலாம்.

நீங்கள் எப்போதிலிருந்து புத்தகம் படிக்க ஆரம்பித்தீர்கள்? டிவி போதாதா?

கஜா புயலுக்குப் பிறகு என்று சொல்லலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது, இரண்டு நாள் கழித்து சர்வைவர் சீரிஸ் என்ற பெரிய நிகழ்ச்சி, பிராக் லெஸ்னரும் டேனியல் பிரையனும். பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் தென்னைமரம் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது, மின்கம்பம் கிடக்கிறது, கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் போனுக்குச் சார்ஜ் போடவே வரிசை. கூட்டத்தில் ஒருவரிடம் பழைய மிக் ஃபோலி புத்தகம் இருந்தது. பகலில் ஓலையை ஒதுக்குவது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் படித்துத் தமிழில் சொல்ல மற்றவர்கள் கேட்பது என்று போனது.

அப்படியானால் முதலில் எந்தப் புத்தகம்?

சந்தேகமே வேண்டாம், அதே மிக் ஃபோலியின் "ஹேவ் எ நைஸ் டே", 1999-ல் வந்தது. முகத்தில் தோல் முகமூடியோடு, கையில் காலுறையை மாட்டிக்கொண்டு எதிராளியின் வாயில் திணிப்பாரே, அந்த மேன்கைண்ட்தான். எழுதிக் கொடுக்க வேறு ஆள் வைத்தார்கள், இவருக்குப் பிடிக்கவில்லை, தானே நோட்டில் கையால் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரை போனது. இதற்குப் பிறகுதான் ஆளாளுக்குச் சுயசரிதை எழுதக் கிளம்பினார்கள்.

ஏன் நல்ல புத்தகம்? வலியைப் பெருமையாகச் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார். 1994-ல் மியூனிக்கில் வேடர் என்ற ரெஸ்லருடன் ஆடும்போது தலை கயிறுகளுக்கு நடுவில் சிக்கி, வலது காதின் பெரும்பகுதி பிய்ந்து போனது. இதை வேறு யாராவது எழுதியிருந்தால் அழவைத்திருப்பார்கள். இவர் எழுதினால் நாம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படுவோம்.

எல்லாரும் தேடிப் படிப்பது 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், கூண்டுச் சண்டை. பதினாறடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் இவரைத் தூக்கி வர்ணனையாளர் மேஜைமேல் எறிந்தார். அது பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது எழுந்து மறுபடி ஏறினார், அடுத்த தடவை கூண்டின் கூரையே பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தார், அது பேசி வைத்ததல்ல. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்து, உடைந்த பல் மூக்கில் போய் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு அண்டர்டேக்கருக்கும் பாதத்தில் எலும்பு முறிவு, அந்தக் காலோடுதான் அவரும் மேலே ஏறினார். இரண்டு பேரும் அடிபட்ட உடம்போடு ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு ஆட்டத்தை முடித்தார்கள் என்பது டிவியில் தெரியாது. படித்துவிட்டு மறுபடி வீடியோவைப் போட்டுப் பாருங்கள், வேறு ஆட்டமாகத் தெரியும்.

அடுத்தது?

பிரெட் ஹார்ட்டின் "ஹிட்மேன்", 2007. ஆனால் தனியாகப் படிக்காதீர்கள், ஷான் மைக்கேல்ஸின் "ஹார்ட்பிரேக் அண்ட் ட்ரையம்ப்", 2005, பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டிலும் ஒரே ராத்திரி வருகிறது: 1997 நவம்பர் 9, மான்ட்ரியல்.

நடந்தது இதுதான். பிரெட் போட்டியாக இருந்த டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்துக்குப் போகப்போகிறார், பட்டம் அவரிடம். சொந்த நாடான கனடாவில் ஷானிடம் தோற்க மாட்டேன் என்றார், ஆட்டம் குழப்பத்தில் முடியும், பட்டத்தைப் பிறகு கொடுத்துவிடுகிறேன் என்று பேச்சு. ஆட்டத்தில் ஷான் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டரையே பிரெட்டுக்குப் போட்டார். பிரெட் கையைத் தட்டவில்லை, ஆனால் ரிங் ஓரத்தில் நின்ற முதலாளி வின்ஸ் மக்மேன் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட்டுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் முதலாளி முகத்தில் துப்பினார், காற்றில் விரலால் போட்டி நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டினார், உடை மாற்றும் அறையில் ஒரு குத்தும் விட்டார். இந்தக் குத்துக்கு யாரும் ஸ்கிரிப்ட் எழுதவில்லை.

அன்று ராத்திரி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதித்த ஷான், தன் புத்தகத்தில் முன்பே தெரியும் என்று எழுதியிருக்கிறார். பிரெட் தன் பயண வருடங்களில் டேப் ரெக்கார்டரில் தினசரிக் குறிப்பு பேசிப் பதிந்து வைத்தவர், அதனால் எந்த ஊர், எந்த ஓட்டல், யார் என்ன சொன்னார் என்று துல்லியமாக வருகிறது. குறையும் உண்டு: தான் தப்பாக ஆடிய ஆட்டம் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை போலும். தம்பி ஓவன் 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டி அரங்கில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்ததைப் பற்றி எழுதிய பக்கங்களை ஒரே மூச்சில் படிக்க முடியாது. 2010 ஜனவரியில் பிரெட்டும் ஷானும் ரிங்கில் கைகுலுக்கினார்கள், மன்னார்குடியும் நாங்களும் இன்னும் இல்லை.

வேறு யாருடையது?

கிறிஸ் ஜெரிக்கோவின் "எ லயன்ஸ் டேல்". பெரிய இடத்துக்கு வருவதற்கு முன் மெக்சிகோ, ஜெர்மனி, ஜப்பான் என்று அலைந்த வருடங்கள், நல்ல நகைச்சுவை, ஆங்கிலம் எளிது. எடி கெரேரோவின் புத்தகம் அவர் 2005 நவம்பரில் இறந்த பிறகு வெளிவந்தது, போதையில் விழுந்து வேலையை இழந்து, திரும்பி வந்து 2004-ல் லெஸ்னரைத் தோற்கடித்த கதை, முடிவு தெரிந்தே படிக்கும்போது கனக்கும். பெண்களில் ஏஜே மெண்டெஸின் "க்ரேசி இஸ் மை சூப்பர்பவர்", வறுமையும் பைபோலார் என்ற மனநோயும் பற்றி ஒளிக்காமல் எழுதியது, ரெஸ்லிங் பிடிக்காதவர்களுக்கும் கொடுக்கலாம். பெக்கி லிஞ்சின் "தி மேன்" 2024-ல் வந்தது. 2019 ரெஸில்மேனியாவில் பெண்கள் முதன்முதலாகக் கடைசி ஆட்டம் ஆடினார்களே, அதில் ஜெயித்தவர் இவர்.

இந்தப் புத்தகங்களில் சொல்வதெல்லாம் நிஜமா?

இல்லை. வாழ்க்கை முழுக்கக் கதை சொல்லிப் பிழைத்தவர்கள், பேனா கிடைத்ததும் அரிச்சந்திரன் ஆகிவிடுவார்களா? டபிள்யூடபிள்யூஇ தானே வெளியிட்டவற்றில் முதலாளியைப் பற்றிய பக்கங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். ஹல்க் ஹோகன் சொன்ன எண் எதையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 1987-ல் அவர் ஆந்த்ரே த ஜயண்டைத் தூக்கிப் போட்ட ஆட்டத்துக்கு 93,173 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது, அதையே பல வருடமாக மறுத்துவருகிறார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் எழுதியதைச் சேர்த்துப் படிப்பதுதான் வழி.

கிறிஸ் பென்வா பெயரை எடுத்தால் ஏன் பேச்சை மாற்றுகிறீர்கள்?

மாற்றுவதில்லை. ஆனால் "ஆட்டத்தை மட்டும் பார்ப்போமே" என்று ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்வோம். 2007 ஜூனில் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்டவர். மூளையைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் தலையில் பட்ட தொடர் அடிகளால் கடுமையான பாதிப்பு இருந்ததாகச் சொன்னார்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம், மன்னிப்பு ஆகாது. இன்றைக்கு நாற்காலியால் தலையில் அடிப்பதை டபிள்யூடபிள்யூஇ தடை செய்திருக்கிறது. சின்ன வயதில் அந்த அடிகளுக்குத்தான் நாம் விசில் அடித்தோம்.

தாராசிங், கிங்காங் முன்னால் இவர்கள் எல்லாம் நிற்க முடியுமா?

இது தாத்தாக்கள் கேள்வி. மதராஸுக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் எதிர்வாதம் செய்து நான் ஜெயித்ததில்லை. தாராசிங் நிஜமாகவே குஸ்தி தெரிந்தவர், 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸைத் தோற்கடித்தவர். ஆனால் கிங்காங்கோடு ஊர் ஊராக ஆடியதும் டிக்கெட் விற்ற காட்சிதான் தாத்தா, கோபிக்காதீர்கள்.

இன்னும் பழையது வேண்டுமானால் நம் சோழ நாட்டிலேயே இருக்கிறது. புறநானூற்றில் 80-ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருகிறான். ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் அவன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது, தலையும் காலும் முறிய மோதுகிறான். பிடி எது, கால் எங்கே என்று ரிங் ஓரத்தில் உட்கார்ந்து சொன்ன வர்ணனை அது. அதோடு, இந்தக் கிள்ளியோடு பகையாக இருந்த அப்பன் தித்தன் சந்தோஷப்பட்டாலும் படாவிட்டாலும் இதைப் பார்க்கட்டும் என்கிறார் புலவர். அப்பன் மகன் சண்டையை ஆட்டத்துக்குள் கொண்டுவர டபிள்யூடபிள்யூஇ எழுத்தாளர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பையன் வைக்கோல் போரிலிருந்து தம்பிமேல் குதிக்கிறான், என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். விழுவதற்கே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையைத் தரையில் அறைந்து, முதுகின் மேல்பகுதியில் விழ வேண்டும். பைல்டிரைவர் மாதிரி தலைகீழாகப் பிடித்து இறக்குவதில் கை தேர்ந்தவர்களுக்கே கழுத்து போயிருக்கிறது, ஆஸ்டினுக்கு 1997-ல் போனதும் அப்படித்தான். ஆசை அடங்காவிட்டால் பக்கத்தில் நல்ல ஜூடோ அல்லது குஸ்தி வாத்தியார் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது எதில் பார்க்கலாம்?

இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து நெட்ஃபிளிக்ஸில்.

புத்தகம் இரவல் கிடைக்குமா?

கிடைக்கும், நேரில் வந்து பெயர் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போகலாம். ஃபோலி புத்தகத்தின் அட்டை பிய்ந்துவிட்டது, செல்லோடேப் ஒட்டியிருக்கிறது, அதை உரிக்காதீர்கள். ஜெரிக்கோ இருக்கிறது. பிரெட் ஹார்ட் மட்டும் இப்போதைக்கு இல்லை, மன்னார்குடிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய், படித்து மனம் மாறிவிடுவோமோ என்ற பயத்தில் திருப்பித் தராமல் வைத்திருக்கிறார்.